நான் தள்ளி வைத்த முதல் பக்கம்

புதுக்கோட்டையில் நான் ஏறிய திருமயம் பஸ், நமணசமுத்திரம் தாண்டியதும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. முன்மூடியைத் திறந்தார்கள், ஆவி குபுகுபுவென்று வந்தது. கண்டக்டர் ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போனார். எங்கள் பினாங்கில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றால் ஆளாளுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டுவோம். இங்கே ஒருவர் முகத்திலும் கோபமில்லை. இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

கோபப்பட்டவன் நான் ஒருவன்தான். பஸ் மேல் கட்டியிருந்த சாமான்களில் என் டிரங்குப் பெட்டி இருந்தது. நீளமான துணிச்சுருள் ஒன்றைக் காணவில்லை.

"அதுங்களா? அது அப்பவே காத்துல போயிருச்சுங்களே" என்றார் பக்கத்துச் சீட்டு வேர்க்கடலை வியாபாரி. "வெள்ளையா என்னமோ பறந்துச்சு. கொக்குன்னு நெனச்சேன்."

கொக்கில்லை. என் இருபது வருஷத்து உழைப்பு. பினாங்குத் துறைமுக ஆபீஸில் நான் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்கு ஆசிரியன். வேதாகமத்தையே பார்த்திராதவர்களுக்கு அதன் கதையை ஒரே பார்வையில் விளக்குவதற்காக, உலகப் படைப்பு முதல் முடிவுவரை ஏழு வட்டங்களாகக் கலர் மையில் வரைந்து வைத்திருந்த படம் அது. அதை நம்பித்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். இப்போது கையில் மிச்சம் வேதப் புத்தகம் மட்டும்தான்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மலாயாவுக்குச் சுதந்தரம் வந்த மறு வருஷம் அது. திருநெல்வேலிப் பக்கம் என் தகப்பனார் பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று லீவு போட்டேன். அதைக் கேள்விப்பட்டு மெய்யப்பன் என்னிடம் வந்தான். செட்டியார்கள் பலர் ஒன்றாகத் தங்கிக் கடை நடத்தும் பினாங்குக் கிட்டங்கி ஒன்றில் வேலை பார்க்க வந்தவன்; இருபத்து மூன்று வயது. என் வகுப்பில் வந்து உட்கார்ந்து, இரண்டு வருஷம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, தானாகவே ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டான். அதை மறைக்காமல் ஊருக்கு எழுதினான். அன்றோடு அப்பச்சியிடமிருந்து கடிதம் நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டில் தகப்பனாரை அப்பச்சி என்பார்கள்.

"அவுகளை மாத்த வேண்டாம்ண்ணே" என்றான் மெய்யப்பன். "நான் என்ன படிச்சேன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க. ஆத்தா கேக்குதாம்."

திருமயத்தில் இறங்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. கோட்டையைத் தாங்கி நின்ற பாறை அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் கொதித்தது. அங்கிருந்து நாலு மைல் மாட்டு வண்டி. வண்டிக்காரர் என்னிடம் கேட்காத கேள்வி இல்லை. எந்த ஊர், யார் மகன், தாத்தா பேர் என்ன, தாத்தாவுக்கு எந்த ஊர். பினாங்கில் என் பக்கத்து வீட்டுச் சீனருக்குப் பதினைந்து வருஷமாக என் முழுப்பெயரே தெரியாது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிந்தது. மெய்யப்பனின் அப்பச்சி நாச்சியப்பச் செட்டியார் முகப்பு வரை வந்து கைகூப்பினார். அறுபது வயது, ஒல்லி, சட்டையில்லை, நெற்றி நிறையத் திருநீறு. "வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீங்க" என்றார். மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு முகப்பிலேயே தனியாக இலை போட்டார்கள். வேற்று மதத்துக்காரனை உள்ளே உட்கார வைக்க மாட்டார்கள் என்று தெரிந்தே வந்ததால் எனக்கு வருத்தமில்லை. வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் வந்த பிறகு எந்த வருத்தமும் நிற்காது. கடைசியில் கறுப்பரிசியில் இனிப்பு ஒன்று வந்தது. அதே அரிசியைப் பினாங்கில் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சியாகக் குடிக்கிறோம் என்று சொன்னேன். உமையாள் ஆச்சி, செட்டியாரின் மனைவி, கதவுக்கு அப்பால் நின்றபடி முதல் தடவையாகப் பேசினார்கள்.

"அவன் அதைச் சாப்பிடுறானா?"

"வாரம் ஒரு தடவை என் வீட்டில்தான் சாப்பிடுறான் ஆச்சி."

அவ்வளவுதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

சாயங்காலம் செட்டியார் கோயிலுக்குப் போன சமயத்தில் ஆச்சி விஷயத்தைச் சொன்னார்கள். மெய்யப்பன் அவர்கள் பெற்ற பிள்ளையல்ல. ஏழு வயதில் பங்காளி வீட்டிலிருந்து முறைப்படி பிள்ளை கூட்டிக்கொண்டது, அதாவது தத்தெடுத்தது. பினாங்கில் யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை. "இப்ப வேற பிள்ளை கூட்டணுமுன்னு நிக்கிறாக. பொன்னமராவதியில பங்காளி வீட்டுல கேட்டாச்சு. வெள்ளிக்கிழமை போயி வாக்குக் குடுக்கப் போறாக. வாக்குக் குடுத்தாச்சுன்னா அப்புறம் எம் பிள்ளைக்கு இந்த வீட்டுல எடமில்லை, தம்பி."

அன்று செவ்வாய். எனக்கு இருந்தது இரண்டே நாள். ஓய்வுநாள் பள்ளியில் இதே பாடத்துக்கு எனக்கு ஒரு வருஷம் தருவார்கள்.

புதன்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும் செட்டியாரே கேட்டார். "பொம்பளை ஆசைப்பட்டுச்சு, கூப்பிட்டோம். நானும் கேக்குறேன். ஆனா எங்க சாமியைக் குறை சொல்லக் கூடாது. எங்களை இழுக்கவும் பாக்கக் கூடாது. என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க."

நியாயமான நிபந்தனை. நான் தலையாட்டிவிட்டு ஒரு காகிதத்தில் ஏழு வட்டங்களை மறுபடி வரைந்து, பிரசங்கத்தை ஆரம்பித்தேன். உலகம் உண்டானது, மனிதன் தவறியது, வெள்ளம் வந்தது, கட்டளைகள் கிடைத்தது என்று ஒவ்வொரு வட்டமாகப் போனேன். பினாங்கில் நான் பேசினால் கடைசி பெஞ்சு வரை அமைதியாக இருக்கும். இங்கேயும் அமைதியாகத்தான் இருந்தது. மூன்றாம் வட்டத்தில் திரும்பிப் பார்த்தால் செட்டியார் தூணில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எருசலேம் ஆலயத்துக்கு லீபனோனிலிருந்து கேதுரு மரம் இறக்கியதைச் சொன்னபோது மட்டும் கண் விழித்தார்.

"பர்மாத் தேக்கு மாதிரி இருக்குமா?"

"தெரியலைங்க ஐயா."

"இந்த வீட்டுத் தூணெல்லாம் பர்மாத் தேக்குதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று முழுக்க எனக்கு வயிறும் சரியில்லை. இங்கே குடிதண்ணீர் ஊரணியிலிருந்து வருகிறது. குழாய்த் தண்ணீரில் வளர்ந்த என் குடலுக்கு அது அறிமுகமில்லை. ஆச்சி சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைச் சொம்பு சொம்பாக அனுப்பினார்கள். அதைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். தெரியாத ஒருவருக்கு ஒரு புத்தகத்தை அறிமுகப்படுத்துவது எப்படி என்று எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை. வட்டம் போடத்தான் தெரியும். மெய்யப்பனை நினைத்து வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை வட்டங்களைக் கைவிட்டேன். நேராக இயேசுவின் கதைக்கே போய்விடலாம் என்று புதிய ஏற்பாட்டை விரித்தேன். முதல் பக்கத்தை வழக்கம்போலத் தள்ளினேன். வம்சவரிசை அது, நாற்பது தலைமுறைக்கும் மேல் பெயர்கள். என் வகுப்பில் அதை ஒருநாளும் படித்ததில்லை. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், எனக்கும் வரும்.

"இருங்க தம்பி" என்றார் செட்டியார். நன்றாக விழித்திருந்தார். "ஒரு ஏடு தள்ளிட்டீங்களே?"

"அது வெறும் பேருங்க ஐயா. இவருக்கு இவர் பிள்ளை, அவருக்கு அவர் பிள்ளைன்னு போகும். சலிப்பா இருக்கும்."

"சலிப்பா இருக்குமா!" அவர் ஆச்சியைப் பார்த்தார், இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கள்ல ஒருத்தர் வந்தா, எந்த ஊரு, எந்தக் கோயிலு, யாரு வீடு, ஐயா பேரு என்னன்னு கேட்டுட்டுத்தான் தண்ணியே குடுப்போம். நேத்தெல்லாம் அரைத் தூக்கத்துல கேட்டேன், ஒருத்தர் வரப்போறாரு, வரப்போறாருன்னு சொன்னீங்க. வந்ததும் ஆளு யாருன்னு சொல்லாமத் தாண்டுறீங்களே, நல்லாவா இருக்கு?"

ஆகவே படித்தேன். ஆபிரகாம் என்றதும் நிறுத்தினார். "இவரு யாரு?" சொன்னேன். சொந்த ஊரையும் இனத்தாரையும் விட்டுப் புறப்படச் சொல்லிக் கடவுள் கூப்பிட்ட மனிதர். உன் வம்சத்தால் உலகத்து வம்சங்களெல்லாம் ஆசி பெறும் என்று வாக்குப் பெற்றவர். பிள்ளையில்லாத கிழவர் என்றதும் ஆச்சி பாயை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். ஈசாக்கு யார்? யாக்கோபு யார்? கூடப் பிறந்தவனையே ஏமாற்றினானா? அவனுக்கா அந்த வாக்குப் போனது? ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொல்ல வேண்டியிருந்தது. என் ஏழு வட்டங்களும் அந்த ஒரு பக்கத்துக்குள் இருந்தன. எனக்குத்தான் தெரியவில்லை.

ரூத் வந்தபோது ஆச்சி என்னை மேலே போகவே விடவில்லை. புருஷனைப் பறிகொடுத்த வேற்று தேசத்துப் பெண், தன் ஊர், தன் சாமி எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாமியார் பின்னாலேயே வந்தாள் என்று சொன்னேன்.

"மாமியா பின்னாடியா? நெசமாவா?"

"நெசம்தான் ஆச்சி. இந்த வரிசையில் அவள் பேரும் எழுதியிருக்கிறது."

"பொம்பளை பேரு எழுதியிருக்கா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் ஒரு துளசி இலையை அடையாளம் வைக்கச் சொன்னார்கள்.

தாவீது ராஜா இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைப் போர்முனையில் சாகவிட்ட கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். செட்டியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதையுமா எழுதி வச்சிருக்காக? நாங்கன்னா அந்தப் பேரையே சுரண்டிருப்போம்."

"அதுதாங்க ஐயா இந்தப் புத்தகம்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, அந்த நேரத்தில் தானாக வந்தது. "நல்லவங்க கதை இல்லை. இந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாத் தவறிக்கிட்டே இருக்கு. கடவுள் குடுத்த வாக்கை அவர் மட்டும் விடலை. கடைசியில இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு பிள்ளையா வந்து பிறந்தார்."

பாபிலோன் ராஜா ஜனங்களைச் சிறைபிடித்துப் போனதைச் சொன்னபோது செட்டியார், யுத்தத்தில் ரங்கூன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காட்டு வழியாக நடந்தே வந்த கதையைச் சொன்னார். "வந்து சேந்தது சாமி புண்ணியம்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கதை சொல்லும் அந்நியனாகப் பார்க்கவில்லை என்று தோன்றியது.

மத்தியானம் எனக்கு இலை வீட்டின் உள்கட்டான வளவுக்குள் போட்டிருந்தது, செட்டியார் இலைக்குப் பக்கத்தில். நன்றி என்று சொன்னால் சாதம் புரையேறிவிடும் போல இருந்ததால் குனிந்து சாப்பிட்டேன்.

சாப்பிட்டு வந்து கடைசிப் பெயருக்கு வந்தேன். இயேசுவின் தாய் மரியாளின் கணவனாகிய யோசேப்பு. அங்கே நிறுத்தினேன். இவ்வளவு வரிசையும் யோசேப்பில் வந்து முடிகிறது. பிள்ளையோ யோசேப்புக்குப் பிறந்ததல்ல, தெய்வத்தால் வந்தது. அப்படியானால் இந்த வம்சம் அவருக்கு எப்படிச் சேரும் என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டபோது, மணி அடித்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தவன் நான். இந்த வீட்டில், பெறாத பிள்ளையை வளர்த்து இழந்து நிற்கும் இருவர் முன்னால், இதை எப்படிச் சொல்வேன்? ஆனால் உள்ளதைச் சொல்வதாகத்தானே பேச்சு? சொல்லிவிட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"இதுல என்ன தம்பி முழிக்கிறீங்க?" என்றார் செட்டியார். "கூட்டிக்கிட்ட பிள்ளை. பேரு வச்சு, எம் பிள்ளைன்னு ஊரறியச் சொல்லிட்டாருல்ல? அப்ப ஐயா, பாட்டையா, அத்தனை பேரும் அந்தப் பிள்ளைக்குச் சொந்தம்தான். எங்கள்ல பிள்ளை கூட்டுற சடங்குல மஞ்சத்தண்ணி குடிச்ச அன்னைக்கே வம்சம் வந்துரும். பெத்த பிள்ளைக்கும் அதுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது." கொஞ்சம் நிறுத்தி, "நானும் இந்த வீட்டுக்கு அப்படிக் கூட்டி வந்த பிள்ளைதான்" என்றார்.

அப்போஸ்தலர் எழுதிய கடிதங்களான நிருபங்களில் புத்திர சுவிகாரம் என்று ஒரு வார்த்தை வரும். கடவுள் எளியவர்களையும் தவறியவர்களையும் தம் வீட்டுப் பிள்ளைகளாக எடுத்துக்கொள்கிறார், அதற்காகவே தம் மகனை அனுப்பினார் என்பது அதன் பொருள். முழு வேதாகமத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். இருபது வருஷம் அதைப் பாடமாக ஒப்பித்தேன். அது என்னவென்று எனக்குத் தெரிய வைத்தவர் திருநீறு பூசிய நாச்சியப்பச் செட்டியார். அதை அவரிடமே சொன்னேன்.

அவர் எழுந்து பீரோவைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து வந்தார். மெய்யப்பன் அனுப்பிய ஞானஸ்நானப் படம். "இதைப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு தம்பி. பெரியவரு ஒருத்தர் தண்ணி ஊத்துறாரு. ரெண்டு பேரு சாட்சி நிக்கிறாக. பேரையும் மாத்தியாச்சு, யோவான் மெய்யப்பனாம். எங்க வீட்டுலயும் இதே தானே செஞ்சோம்? அவுக அவனைப் பிள்ளை கூட்டிக்கிட்டாக. நீங்களும் இப்ப அதையேதான் சொல்றீங்க." போட்டோவை மடியில் வைத்துக்கொண்டார். "கூட்டிப் போன பிள்ளைக்குப் பழைய வீடு கிடையாது. அதுதான் முறை. பெத்தவுக வீட்டுக்கு நானே அப்புறம் விருந்தாளியாத்தான் போனேன். அவன்மேல எனக்குக் கோவமில்லை. என்னை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போயிட்டான். நான் என்ன செய்ய?"

ஒன்றரை வருஷம் மனிதர் இதையா சுமந்துகொண்டிருந்தார்! மெய்யப்பனும் நானும் மதக்கோபம் என்று நினைத்துப் பயந்தோம். அவர் மகனைத் தத்துக் கொடுத்த துக்கத்தில் இருந்திருக்கிறார்.

மனசுக்குள் ஜெபித்துக்கொண்டு, பக்கங்களைப் புரட்டி இயேசுவின் பன்னிரண்டாம் வயதுக் கதையை எடுத்தேன். திருவிழாவுக்குப் போன இடத்தில் பிள்ளை காணாமல் போகிறது. மூன்று நாள் தேடுகிறார்கள். ஆலயத்தில் பெரியவர்கள் நடுவே உட்கார்ந்திருக்கிறது. நான் என் பிதாவின் காரியங்களில் இருக்க வேண்டாமா என்று, கடவுளைத் தகப்பனாகச் சொல்லி, தாயிடமே கேட்கிறது.

"பக்கத்துல யோசேப்பு நிக்கிறாரா?" என்றார் செட்டியார்.

"நிக்கிறார் ஐயா."

"அவருக்கு எப்படி இருந்திருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆச்சிதான் கேட்டார்கள். "அப்புறம்? பிள்ளை அங்கனயே இருந்துருச்சா?"

"இல்லை ஆச்சி. அன்னைக்கே அவங்களோட ஊருக்குத் திரும்பிட்டார். யோசேப்பு பேச்சைக் கேட்டு அந்த வீட்டுலயே வளர்ந்தார். அவர் தச்சர், இவரும் தச்சரானார். மேல இருக்கிற பிதாவையும் விடலை, வளர்த்தவரையும் விடலை. மெய்யப்பன் படிச்சது இதைத்தான். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுன்னு இதுல கட்டளையே இருக்கு. தண்ணி ஊத்தினதால அது போகாது."

ஆச்சி செட்டியாரைப் பார்த்தார்கள். "அப்ப ரெண்டு அப்பச்சி இருக்கலாமுல்ல?"

செட்டியார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வெள்ளை வேட்டி, சட்டை, குடை சகிதம் நின்றார். "பொன்னமராவதிக்கு வாங்க தம்பி. அங்கிட்டிருந்து ஒங்களுக்கு மதுரை பஸ் இருக்கு." ஆச்சி புத்தகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையச் சீடை கொடுத்தார்கள். செட்டியார் என்ன முடிவு செய்திருக்கிறார் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. பஸ்ஸில் செட்டியார் மழை இல்லாததைப் பற்றி மட்டுமே பேசினார். வழியில் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் நின்றோம். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. அந்தப் பஸ் போய்ச் சேராமலே இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

பங்காளி முத்தையா வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். காப்பி வந்தது. "எப்பண்ணே நாள் பாக்கலாம்?" என்றார். செட்டியார் காப்பியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நாள் பாக்க வரலை முத்தையா. தப்பா நெனக்காதே. எனக்கு மகன் இருக்கான். வேற வீட்டுக்குப் போயிட்டான்னு நெனச்சிருந்தேன். போகலையாம்."

முத்தையா முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "சாமி, எம் பிள்ளை எங்கிட்டயே இருக்கட்டும்" என்று அழுகையும் சிரிப்புமாகக் கேட்டது. முத்தையாவும் சிரித்துவிட்டு, "அவளுக்கு மனசே இல்லைண்ணே" என்றார்.

மதுரை பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு, செட்டியார் ஜன்னலோரம் வந்து நின்றார். கைகூப்பினேன். உங்களால்தான் என் வேதத்தை நான் படித்தேன் ஐயா என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சொல்ல வந்ததை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் குடையால் ஜன்னல் கம்பியைத் தட்டினார்.

"அவனை வரச் சொல்லுங்க தம்பி. ஞாயித்துக்கெழமை ஒங்க கோயிலுக்குப் போகணுமுன்னு சொல்லுவான். திருமயத்துலேருந்து புதுக்கோட்டைக்குக் காலையில ஆறரைக்குப் பஸ் இருக்கு. போகட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துறச் சொல்லுங்க."